காலமறியா உலோகத்தொழிற் கழிவுகள்: இங்கிலாந்து – வேல்சு பதிவுமுறை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தொல்பொருள் என்றவுடன் நாணயம், அணிகலன், படிமம், படைக்கலம் ஆகியவையே நினைவிற்கு வருகின்றன. இவற்றை உருவாக்கியபோது உலைக்களத்தில் சிந்திய துளி, வார்ப்பின் வாயில் எஞ்சிய தண்டு, உலையின் அடியில் உறைந்த கட்டி, உருக்கி வடித்த கிட்டம் ஆகியன நினைவிற்கு வருவதில்லை. ஆனால் செய்த பொருள் ஊர்விட்டு ஊர் செல்லும். கழிவோ பெரும்பாலும் செய்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே ஓர் இடத்தில் உலோகத்தொழில் நடந்ததா என்னும் வினாவிற்கு விடை கூறுவது பொருளைவிடக் கழிவே எனலாம்.

இக்கழிவிற்கு ஒரு பெருங்குறை உண்டு. அதற்கு உருவ அமைதி இல்லை. நாணயத்தில் அரசன் பெயர் இருக்கும்; அணிகலனில் அக்காலப் பாணி இருக்கும். உருகி உறைந்த செம்புத்துளியில் இவற்றுள் எதுவும் இல்லை. கி.மு. 1000இல் சிந்திய துளியும் கி.பி. 1700இல் சிந்திய துளியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்தால் காலம் கூறலாம். உழுத நிலத்தின் மேற்பரப்பில் உலோகங்கண்டறி கருவி கொண்டு தேடுவோர் கையில் கிடைத்தால் அவ்வடுக்கும் இல்லை. இத்தகைய பொருள்களை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு பதிவது என்னும் சிக்கலை மிக விரிந்த அளவில் எதிர்கொண்டு வருவது இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைபெறும் 'போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்' என்னும் திட்டமாகும். அத்திட்டம் காலமறியா உலோகத்தொழிற் கழிவுகளைக் கையாளும் முறையின் நிறைகுறைகளை மதிப்பிடுவதும், அம்மதிப்பீட்டால் தமிழகத் தொல்லியல் எழுத்து பெறத்தக்கது யாதெனச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திட்டமும் சட்டமும்

இத்திட்டம் 1997ஆம் ஆண்டு சில பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டு, 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்சு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் பிரித்தானிய அருங்காட்சியகம் இதனை நடத்துகிறது. நில உடைமையாளரின் இசைவு பெற்றுக் கருவியால் தேடுவது அந்நாட்டில் சட்டத்திற்கு உட்பட்ட செயல். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் இசைவின்றித் தேடுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். தேடுவோர் தாம் கண்டெடுத்ததைத் தம் பகுதித் தொடர்பு அலுவலரிடம் விரும்பிக் காட்டுவர். அவர் அதனை அளந்து, நிறுத்து, ஒளிப்படம் எடுத்து, விளக்கம் எழுதிப் பொதுத் தரவுத்தளத்தில் பதிவார். பின்னர்ப் பொருள் உரியவரிடமே திரும்பும். இவ்வாறு பதியப்பெற்ற பொருள்கள் இன்று 15 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பான்மை கருவியால் தேடுவோர் கண்டெடுத்தவை.

இப்பதிவு விருப்பத்தின்பாற்பட்டது. புதையல் மட்டும் சட்டத்தின்பாற்பட்டது. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 300 ஆண்டுப் பழமையும் எடையில் குறைந்தது 10 விழுக்காடு பொன் அல்லது வெள்ளியும் உடைய பொருள், நாணயம் நீங்கலாக, புதையலாகும். 2003 முதல் வரலாற்றுக்கு முற்பட்ட காலச் செம்பு, வெண்கலப் பொருள்கள் இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஒருசேரக் கிடைப்பினும் புதையலாகும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 200 ஆண்டிற்கு மேற்பட்ட, சிறப்பு மிக்க பொருள்களையும் இதில் சேர்த்தது.

இவ்விடத்தில் காலமறியாமை வெறும் கல்விச் சிக்கலாக நில்லாமல் சட்டச் சிக்கலாக மாறுகிறது. ஒரு வயலில் ஒருபுறம் தட்டையும் மறுபுறம் குவிவுமான இரு செம்புப் பாளத் துண்டுகள் கிடைக்கின்றன என்று கொள்வோம். அவை பிற்கால வெண்கலக் காலத்தவை, அதாவது ஏறத்தாழ கி.மு. 1000 – 800 அளவினவை என்று நிறுவினால் அவை புதையல். கொரோனர் விசாரணைக்கு உரியவை. அருங்காட்சியகம் அவற்றைப் பெற வாய்ப்புண்டு. காலம் கூற இயலவில்லை என்று எழுதினால் அவை கண்டவர்க்கும் நிலக்கிழார்க்கும் உரிய உலோகத் துண்டுகள். விற்கலாம், உருக்கவும் செய்யலாம். உருகிய வெள்ளித் துண்டின் நிலையும் இதுவே. 300 ஆண்டுப் பழமையைக் காட்ட இயலாவிடின் சட்டம் அதனைப் பற்றாது. எனவே பதிவாளர் எழுதும் 'காலம் அறியப்படவில்லை' என்னும் தொடர் ஒரு பொருளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தொடராகும். அதனை எழுதும் முறை திறனாய்விற்கு உரியதாவது இதனாலேயே.

இனங்காணலின் படிகள்

கழிவை இனங்காண்பதில் முதல் வினா அது கழிவுதானா என்பது. உருகிய உலோகம் அனைத்தும் தொழிற்கழிவு அன்று. வீடு எரிந்தாலும் உலோகம் உருகும். பிணத்தை எரியூட்டும் வழக்கமுடைய ரோமானிய, ஆங்கிலோ-சாக்சன் கால மக்களின் ஈமத்தீயில் உடன் இட்ட அணிகள் உருகிக் கட்டியாயின. அண்மைக் காலத்தில் வயலோரம் குப்பை எரித்தபோது உருகிய அலுமினியமும் உண்டு. அதன் இலேசான எடையே அதனைக் காட்டிக்கொடுக்கும். இரும்புக் கிட்டம் போலத் தோன்றும் இயற்கைப் பொருள்களும் பல. சதுப்பில் படியும் இரும்புக்கல், கந்தகம் கலந்த இரும்புக் கனிம உருண்டை, சாம்பல் மண்ணோடு உருகி உண்டாகும் இலேசான நுரைக்கட்டி ஆகியவை அவற்றுள் சில. சாம்பற் கட்டி எந்த அடுப்பிலும் உண்டாகக் கூடும். அது உலோகத்தொழிலுக்குச் சான்றாகாது.

இரண்டாம் வினா அது எத்தொழிலின் கழிவு என்பது. கனிமத்தை உருக்கி இரும்பு பிரிக்கும் தொழில் வேறு. பிரித்த இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கொல்லுத்தொழில் வேறு. உலையிலிருந்து வடித்துவிட்ட கிட்டம் மேற்பரப்பில் கயிறு சுருண்டாற்போல ஓடிய வரிகளைக் கொண்டிருக்கும். அடர்ந்து கனமாக இருக்கும். கொல்லுலையின் அடியில் உறைந்த கட்டி அடிப்பகுதி குவிந்து, மேற்பகுதி தட்டையாகவோ சற்றே குழிந்தோ இருக்கும். காய்ச்சிய இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் மெல்லிய செதிள்களும் நுண்ணிய உருண்டைகளும் காந்தத்தில் ஒட்டும். பட்டடை நின்ற இடத்தைக் காட்ட இவற்றினும் சிறந்த சான்று இல்லை. செம்பு, வெண்கலத் தொழிலில் மூசை உடைசல், வார்ப்புவாய்த் தண்டு, அச்சின் பொருத்து வழியே கசிந்த விளிம்பு, சிந்திய துளி ஆகியன கிடைக்கும். இவற்றைப் பிரித்தறியத் தராசு, காந்தம், உருப்பெருக்கி, கூரிய கண் ஆகியவையே முதலில் வேண்டப்படுவன.

இத்துறையில் இங்கிலாந்து தெளிவான வழிகாட்டிகளைப் பெற்றுள்ளது. ஆங்கில மரபுச்சின்ன நிறுவனம் 2001இல் வெளியிட்டதும், ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் 2015இல் திருத்தி வெளியிட்டதுமான தொல்லுலோகவியல் வழிகாட்டி குறிப்பிடத்தக்கது. ஆயின் அவ்வழிகாட்டி முதன்மையாக அகழாய்வாளரை நோக்கி எழுந்தது. மண்ணடுக்கிலிருந்து பிரிந்து, தனித்த ஒரு கட்டியாக மேசைக்கு வரும் பொருளை எதிர்கொள்ளும் தொடர்பு அலுவலர்க்கு அதன் அறிவுரையுள் ஒரு பகுதியே பயன்படும்.

அறியாமையின் இரு வகை

இத்திட்டத்தின் பதிவுகளில் கழிவிற்குக் காலம் குறிக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, காலம் அறியப்படாதது என விடுவது. மற்றொன்று, வெண்கலக் காலம் முதல் இடைக்காலத்திற்குப் பின் வரை என்பதுபோல மிக அகன்ற எல்லையைத் தருவது. இரண்டும் நேர்மையானவை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதும் குற்றத்தினின்று இவை பதிவாளரைக் காக்கின்றன. ஆயினும் இரண்டும் ஓர் உண்மையை மறைக்கின்றன. காலமறியாதது என்பது வேறு. காலமறிய இயலாதது என்பது வேறு. முன்னது நம் ஆய்வின் நிலை. பின்னது பொருளின் இயல்பு. பதிவேட்டில் இவ்விரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதே இக்கட்டுரை காணும் முதற்குறை.

சான்றாக, ஒரு கிட்டக்கட்டியினுள் மரக்கரித் துணுக்கு சிக்கியிருப்பின் அதனைக் கரிமக் கணிப்பிற்கு உட்படுத்தலாம். எரித்த மரம் முதிர்ந்ததாயின் கணிப்பு உலையின் காலத்தினும் முற்பட்டதாக அமையும் என்னும் எச்சரிக்கையோடு அதற்குக் காலம் கூறவும் முடியும். அக்கட்டி இன்று காலமறியாதது, நாளை அறியத்தக்கது. கரி ஏதுமற்ற ஈயச் சிந்தலோ, தனித்துக் கிடைப்பின், என்றும் அறியப்படாமலே போகலாம். முன்னதன் பதிவில் 'கரி காணப்படுகிறது' என்னும் இரு சொற்கள் இருந்தால் போதும். பின்வரும் ஆய்வாளன் தேடி எடுப்பான். அவ்விரு சொற்கள் இல்லாதபோது இரண்டும் ஒரே இருளில் கிடக்கின்றன.

முழுமையான காலம் தெரியாவிடினும் முன்னெல்லை தெரியும் நிலைகளும் உள. பித்தளை, அதாவது துத்தநாகம் கலந்த செம்பு, பிரிட்டனில் பரவலாவது ரோமானியத் தொடர்பின் பின்னரே. ஆகவே ஒரு சிந்துதுளியில் துத்தநாகம் மிகுந்திருப்பின் அது வெண்கலக் காலத்ததாக இருத்தல் அரிது. ஊதுலையில் உண்டாகும் கண்ணாடி போன்ற பச்சை, நீல நிறக் கிட்டம் இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. அங்கு ஊதுலை தோன்றியது வீல்டு பகுதியில், 1490களில். நியூபிரிட்ஜ் என்னுமிடத்து உலை 1496இல் தொடங்கியது. துப்பாக்கிக் குண்டு வார்த்தபின் வெட்டி எறிந்த ஈயத் தண்டு கைத்துப்பாக்கி பரவியதற்குப் பின்னதே. 1642 – 1651 உள்நாட்டுப் போர்க்களங்களைச் சுற்றி இத்தகையன எதிர்பார்க்கத்தக்கவை. இவை அனைத்தும் 'இதற்கு முன் அன்று' என்னும் அறிவு. இவ்வறிவைக் காலப் பத்தியில் ஓர் எல்லையாக மட்டும் இட்டு, அவ்வெல்லைக்குரிய காரணத்தை விளக்கத்தில் எழுதாதபோது படிப்போர்க்கு அது வெறும் ஊகமாகவே தோன்றும்.

'செம்புக் கலவை' என்னும் பொதுச்சொல்லின் ஆட்சியும் இங்கு நோக்கத்தக்கது. வெண்கலம், பித்தளை, ஈயம் கலந்த வெண்கலம் அனைத்தையும் இச்சொல் தன்னுள் அடக்கும். பகுப்பாய்வு செய்யாமல் வெண்கலம் என எழுதுவது தவறு என்னும் அறத்தின் விளைவு இது; பாராட்டத்தக்கது. ஆனால் வடிவம் பேசாத கழிவிற்கு உட்பொருளே பேசும் வாய். வாளின் காலத்தை வடிவத்தால் அறியலாம். அதன் உட்பொருளை அறியாவிடினும் இழப்பு சிறிது. துளியின் உட்பொருளை அறியாவிடின் இழப்பு முழுமையானது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி கையடக்கமாகிவிட்ட இக்காலத்தில், பகுப்பாய்வு முதலில் சேர வேண்டிய இடம் அழகிய பொருளன்று, உருவமற்ற கழிவே.

இடமே சான்று

கழிவின் காலத்தை அதன் கூட்டத்தால் அறியலாம் என்பதற்கு இங்கிலாந்திலேயே இரு சிறந்த எடுத்துக்காட்டுகள் உள்ளன.

சஃபோக் மாவட்டத்து ரெண்டில்ஷம், 8ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பீடு அரச இருக்கை எனக் குறிப்பிட்ட ஊர். அங்கு இரவில் களவாகத் தேடுவோர் தொல்லை மிகவே, 2008இல் நில உடைமையாளரின் இசைவோடு மாவட்டத் தொல்லியல் துறை ஒரு முறையான ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி மிக்க தேடுநர் சிலர் ஏறத்தாழ 150 எக்டேர் நிலத்தைப் பல்லாண்டுகள் தேடினர். பொன் நாணயமும் அணிகளும் மட்டுமின்றி, சிந்திய துளிகளும் முற்றுப்பெறாத வார்ப்புகளும் இடக்குறிப்போடு பதியப்பெற்றன. கழிவு எங்குச் செறிந்தது என்பது தெரிந்ததால்தான் அவ்வூரில் கைவினைக்கென ஒரு பகுதி இருந்தது என்னும் முடிவு எழுந்தது. பின்னர் நிகழ்ந்த அகழாய்வில் குதிரைச் சேண அணி வார்க்கும் அச்சு கிடைத்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. மேற்பரப்பில் கிடந்த கழிவு கூறியதை மண்ணடுக்கு உறுதிப்படுத்தியது எனலாம்.

லிங்கன்ஷயர் மாவட்டத்து டோர்க்சி மற்றொன்று. 872 – 873 குளிர்காலத்தில் வைக்கிங் படை அங்குத் தங்கியதை ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு கூறுகிறது. அவ்வயல்களில் பல ஆண்டுகளாகத் தேடுநர் கண்டெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட அரபு வெள்ளி நாணயத் துண்டுகள், வெட்டிய வெள்ளி, எடைக்கற்கள், ஈய ஆட்டக்காய்கள் ஆகியவற்றோடு பாளங்களும் உருக்கிய உலோகமும் கிடைத்துள்ளன. டான் ஹாட்லி, ஜூலியன் ரிச்சர்ட்சு ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, கொள்ளையிட்ட உலோகம் அங்கு உருக்கி மாற்றப்பட்டதைக் காட்டியது. ஒரு படையின் பாசறை ஒரு தொழிற்களமாகவும் இருந்தது என்னும் இவ்வறிவைத் தந்ததில் அழகிய பொருள்களோடு கழிவிற்கும் பங்குண்டு.

இவ்விரு சான்றுகளும் கற்பிப்பது ஒன்றே. தனித்துளி பேசாது, துளிகளின் கூட்டம் பேசும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாணயத்தால் கழிவிற்குக் காலம் கூறி, பின் அக்கழிவால் அந்நாணயக் காலத்தில் தொழில் நடந்தது என்று முடிவு கட்டுவது சுற்றிச் சுற்றி வரும் வாதமாகிவிடக் கூடும். ஒரே வயலில் ரோமானியரும் சாக்சனியரும் 18ஆம் நூற்றாண்டு உழவரும் வாழ்ந்திருப்பர். இடச்செறிவு, உட்பொருள் ஒற்றுமை, பிற காலப் பொருள்களின் இன்மை ஆகிய மூன்றும் ஒருங்கு அமையும்போதே கூட்டத்தால் காலம் கூறல் தகும்.

கழிவு இடம்பெயரும் என்பதும் மறக்கத்தக்கதன்று. சசெக்ஸ் பகுதியில் லண்டன் – லூயிஸ் ரோமானியச் சாலை இரும்புக் கிட்டத்தால் தளமிடப்பட்டது. பியூபோர்ட் பார்க் என்னும் இடத்து ரோமானியக் கிட்டமேடு 19ஆம் நூற்றாண்டில் சாலை அமைக்க வெட்டி எடுத்துச் செல்லப்பட்டது. அச்சாலையோர வயலில் இன்று ஒரு கட்டி கிடைப்பின் அது ரோமானியக் கிட்டமே. ஆயினும் அவ்வயலில் ரோமானிய உலை இருந்ததில்லை. காலம் சரியாக இருந்தும் வரலாறு பிழையாகும் நிலை இது. ஈயத்திலும் இவ்வாறே. 1536 முதல் துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது கூரை ஈயம் உரித்து அங்கேயே உருக்கப்பட்டது. ரீவோ மடத்தில் அரச முத்திரை பொறித்த பாளங்கள் கண்டெடுக்கப்பட்டன. அத்தகைய இடங்களில் கிடக்கும் ஈயச் சிந்தல் அழிவின் எச்சமேயன்றி ஆக்கத்தின் எச்சமன்று.

பதிவில் இல்லாதவை

இத்திட்டத்தின் மிகப் பெருங்குறை பதிவில் உள்ளவற்றில் இல்லை. பதிவில் இல்லாதவற்றில் உள்ளது. தேடுநர் பலர் இரும்பின் ஒலியைத் தவிர்க்குமாறு கருவியை அமைத்துக்கொள்வர். ஆணியும் இரும்புத் துண்டும் நிறைந்த வயலில் அவ்வாறு செய்யாவிடின் ஓர் அடி நகர்தல் அரிது. இதனால் இரும்புத்தொழிற் கழிவு மிகுதியும் மண்ணிலேயே தங்குகிறது. மூசையும் களிமண் அச்சும் துருத்திக் குழலும் உலோகமல்ல. கருவி அவற்றை அறியாது. அறிந்து எடுத்த துளியையும் குப்பையென வேலியோரம் எறிந்துவிடுதல் இயல்பு. எறியாது கொணர்ந்ததையும் பணிச்சுமை மிக்க அலுவலர் அனைத்தையும் பதிவதில்லை, தேர்ந்தே பதிகிறார். இந்நான்கு சல்லடைகளைக் கடந்து எஞ்சியதே தரவுத்தளத்தில் உள்ளது.

ஆகவே பரவல் வரைபடத்தில் ஒரு மாவட்டம் வெறுமையாக இருப்பின் அங்குத் தொழில் இல்லை எனக் கொள்ளல் கூடாது. செம்பு, ஈயக் கழிவு மிகுந்தும் இரும்புக் கழிவு அருகியும் காணப்படுவதைக் கொண்டு பண்டைத் தொழிலின் விகிதத்தைக் கணக்கிடல் பெரும்பிழை. அது கருவியின் விகிதமேயன்றித் தொழிலின் விகிதமன்று. தேடிய பரப்பு எவ்வளவு, எறிந்துவிட்டது எவ்வளவு என்னும் இரு செய்திகள் இருந்தால் இக்குறை ஓரளவு நீங்கும். தனிப்பொருளை அலகாகக் கொண்ட பதிவேட்டில் இவற்றிற்கு இயல்பான இடமில்லை.

பணிச்சுமையைக் காட்டி இதற்கு மறுப்புக் கூறலாம். பல்லாயிரம் பொருள்கள் காத்திருக்கையில் ஒரு கிட்டக்கட்டிக்கு ஒரு பக்கம் எழுத இயலாது என்பது உண்மையே. ஆயின் இங்கு வேண்டப்படுவது பக்கமன்று, ஐந்து செய்திகள். எடை, காந்த ஈர்ப்பு உண்டா, கரி உண்டா, உடன் கிடைத்தவை எவை, துல்லியமான இடம். இவற்றுள் இடத்தைப் பற்றித் தேடுநர்க்கான 2006ஆம் ஆண்டு நன்னடத்தை நெறி நூறு மீட்டர் சதுரத்திற்குள்ளேனும் குறிக்க வேண்டும் என்றது. நாணயத்திற்கு நூறு மீட்டர் போதலாம். கழிவிற்கு அது போதாது. ஓர் உலைக்களம் சில மீட்டர் அளவினதே. காலம் இல்லாத பொருளுக்கு இடத்துல்லியமே எஞ்சிய செல்வம். களவுத் தேடலை அஞ்சிப் பொதுமக்கள் பார்வைக்கு இடக்குறிப்பை ஒரு கிலோமீட்டர் அளவில் மட்டுப்படுத்துவது முறையே. பதிவின் உள்ளே அது துல்லியமாக இருத்தல் வேண்டும்.

இக்குறைகளால் திட்டத்தின் பெருமை குன்றாது. விலையற்ற ஒரு கட்டியை நிறுத்து, அளந்து, ஒளிப்படம் எடுத்து, 'இதன் காலம் எனக்குத் தெரியவில்லை' என்று வெளிப்படையாக எழுதும் அரசுசார் பதிவேடு உலகில் மிகுதி இல்லை. அறியாமையைப் பதிவதும் ஆய்வுப் பணியே என்பதை இத்திட்டம் நடைமுறையில் காட்டியுள்ளது.

தமிழாய்வு பெறத்தக்கது

நம் நாட்டின் சட்டநிலை வேறு. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலை ஆட்சியரிடம் அறிவிக்கக் கட்டளையிட்டது. கிட்டத்திற்கு அம்மதிப்பும் கூறுவாரில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் நூறாண்டுப் பழமையுடைய, கைவினையை விளக்கும் பொருளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. சொல்லளவில் உலைக்கிட்டமும் இதனுள் அடங்கும். கருவியோடு நிலத்தைத் தோண்டும் பழக்கம் இங்கு வரவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மண்ணடுக்கைக் குலைக்கும் அப்பழக்கம் வராதிருத்தலே நன்று. பெறத்தக்கது கருவியன்று, பதிவு ஒழுக்கம்.

தமிழகத்தில் மேற்பரப்பாய்வுக் கட்டுரைகளில் 'இரும்புக் கசடுகள் சிதறிக் காணப்படுகின்றன' என்பது பழகிய தொடர். அக்கசடு வடிகிட்டமா, கொல்லுலைக் கட்டியா, எடை எவ்வளவு, எப்பரப்பில் கிடந்தது என்னும் செய்திகள் அதனோடு வருதல் அரிது. அருகே கறுப்பு-சிவப்பு மட்கல ஓடு கிடந்தால் அடுத்த வரியிலேயே அது சங்ககால உருக்காலை ஆகிவிடுகிறது. இம்முடிவு சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். கொடுமணலில் அகழாய்வு உலைகளை வெளிப்படுத்தியுள்ளது. மேல்சிறுவலூரில் உருக்கு உண்டாக்கிய மூசைகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டுள்ளார். ஆனால் 1800 – 1801இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கொங்குப் பகுதியில் கருமணலை உருக்கி இரும்பு எடுக்கும் சிற்றுலைகளை நேரில் கண்டு எழுதினார். 1830களில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயர் இரும்பாலை நிறுவியபின்னும் நாட்டுலைகள் சில காலம் இயங்கின. எனவே கொங்கு நாட்டு மேட்டில் கிடக்கும் ஒரு கிட்டக்கட்டிக்கு வயது இரண்டாயிரமாகவும் இருக்கலாம், இருநூறாகவும் இருக்கலாம். பக்கத்தில் கிடக்கும் ஓடு இவ்விரண்டில் எது என்று தனியே கூறாது.

இவ்வொழுக்கம் இன்று முன்னினும் தேவைப்படுகிறது. தமிழகத்து இரும்பின் பழமையைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசெல்லும் காலக்கணிப்புகளை 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அவை அகழாய்வுச் சூழலில் கிடைத்த கரி, மட்கலம் முதலியவற்றைக் கொண்டு பெறப்பட்டவை. அவ்வகழாய்வுகளின் பெருமையை மேற்பரப்பில் கிடக்கும் ஒவ்வொரு கட்டியின்மேலும் ஏற்றிக் கூறும் ஆர்வம் இனி மிகும். அவ்வாறு ஏற்றிய ஒரு கூற்று பொய்ப்படின், முறையாக நிறுவிய முடிவின்மீதும் ஐயம் படரும்.

கலைச்சொல் ஒழுங்கும் வேண்டும். 'கசடு' என்னும் ஒரு சொல்லே எல்லாவற்றையும் சுமக்கிறது. 'கிட்டம்' என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. உருக்குலைக் கழிவை வடிகிட்டம் என்றும், கொல்லுலைக் கழிவை உலையடிக்கட்டி என்றும், அடிக்கும்போது தெறிப்பதைச் சம்மட்டிச் செதிள் என்றும், வார்ப்பின் எச்சத்தை வார்ப்புவாய்த் தண்டு என்றும் வேறுபடுத்தி வழங்கலாம். பெயர் வேறுபட்டால் கண் வேறுபடுத்திக் காணும். பழைய இரும்புக் கிட்டத்திலிருந்து மண்டூரம் செய்யும் மருத்துவ மரபு, நூறாண்டு கடந்த கிட்டமே சிறந்தது என அதன் வயதைத் தரம் பிரித்து நோக்கியது. கிட்டத்திற்கு வயதுண்டு என்பதும் அவ்வயது வினவத்தக்கது என்பதும் இந்நாட்டிற்குப் புதிய கருத்தல்ல.

முடிவுரை

இங்கிலாந்து – வேல்சு திட்டம் காலமறியா உலோகத்தொழிற் கழிவுகளைப் பதிவுக்குரியவையாக ஏற்றது அதன் நிறை. தெரியாததைத் தெரியாது என எழுதும் நேர்மையும் அதன் நிறை. காலமறியாததையும் அறிய இயலாததையும் ஒன்றாகக் கலந்தமை, தனிப்பொருளை அலகாகக் கொண்டு கூட்டத்தை இழந்தமை, பதியாமல் விட்டவற்றின் அளவைக் குறிக்க வழியின்மை ஆகியன அதன் குறைகள். ரெண்டில்ஷமும் டோர்க்சியும் காட்டுவதுபோல், முறையாக இடங்குறித்துச் சேர்த்த கழிவு ஓர் ஊரின் தொழில் வரலாற்றைத் திறக்கும் ஆற்றலுடையது.

தமிழகத்து மேற்பரப்பாய்வு செய்யும் மாணவர் தம் பையில் ஒரு தராசும் ஒரு காந்தமும் வைத்திருத்தல், கண்ட கட்டியின் வகையையும் எடையையும் இடத்தையும் எழுதுதல், காலம் தெரியாவிடின் தெரியாது என எழுதி, எதனைக் கொண்டு பின்னர் அறியலாம் என்பதையும் குறித்தல் ஆகிய இவை பெருஞ்செலவு வேண்டாதன. மேடுகள் விரைந்து சமன்செய்யப்பட்டு வருகின்றன. மேடு மறைந்தபின் எஞ்சுவது அம்மாணவர் எழுதிய வரி ஒன்றே. அவ்வரி 'கசடுகள் காணப்படுகின்றன' என்பதோடு நின்றுவிடின், பின்னாளில் அதனைக் கொண்டு எவரும் எதனையும் நிறுவ இயலாது.